பள்ளித் தோட்டத்து ரயில்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

சாப்பாட்டுக்குப் பிந்தைய வேளையில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். யாருக்காவது கண் சொக்கினால் குற்றம் என்னுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை; இன்றைய சாம்பார் அப்படி.

எரியோட்டுப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். எங்கள் பள்ளிக்குப் பின்னால் நாலைந்து முருங்கை மரங்களும், பிள்ளைகள் போட்ட கீரைப் பாத்திகளும் உள்ள ஒரு தோட்டம் இருக்கிறது. அந்தப் பாத்திகளைச் சுற்றி ஒரு சின்ன ரயில் ஓடுகிறது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். முக்கியமாக, அது ஓடாமல் நின்ற ஒரு நாளைப் பற்றி.

எரியோட்டில் ரயில் நிலையம் இருப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கரூர்–திண்டுக்கல் பாதையில் தினமும் வண்டிகள் போகின்றன. சத்தத்தை வைத்தே சரக்கு வண்டியா, பயணிகள் வண்டியா என்று எங்கள் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். ஒரு நாள் ஏழாம் வகுப்பில் கேட்டேன்: "ரயிலைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்." எல்லாக் கையும் உயர்ந்தது. "ஏறினவர்கள்?" ஐந்து கைகள். அதில் ஒன்று, நின்றுகொண்டிருந்த வண்டியில் ஏறி இறங்கினதைச் சொல்லுகிற கை. அன்றைக்குத்தான் இந்த எண்ணம் வந்தது.

தோட்டத்தில் ரயில் விடுவது உலகத்துக்குப் புதிய விஷயம் இல்லை. 1968இல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் ஒரு பொம்மை நிறுவனம் எல்.ஜி.பி. என்ற பெயரில் மழை, வெயில் தாங்கும் தோட்ட ரயில்களை விற்கத் தொடங்கியது. அதன் தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர். இன்றைக்கும் பல நாடுகளில் தோட்டத்தில் ரயில் விடுகிறவர்கள் அந்த அளவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் புனேயில் ஜோஷி என்பவரின் சிறு ரயில் அருங்காட்சியகம் 1998 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. அது கூரைக்குக் கீழே ஓடுவது. கடையில் வாங்குகிற வெளிநாட்டு எஞ்சின் ஒன்றின் விலைக்கு எங்கள் பள்ளிக்கு ஒரு வருஷத்துச் சுண்ணாம்பு அடித்துவிடலாம். ஆகவே நாமே செய்வது என்று முடிவு செய்தேன். கவனியுங்கள், 'செய்தேன்' என்கிறேன், 'செய்தோம்' என்று சொல்லவில்லை. அந்தத் தவறுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கணக்கு. எரியோட்டில் போவது அகலப் பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 1676 மில்லிமீட்டர். இந்த எண்ணை நிலையத்தில் கேட்டுத்தான் வாங்கினோம். பிள்ளைகளை டேப்போடு தண்டவாளத்துக்கு அழைத்துப் போகவில்லை. அப்படிப் போவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம் என்பதையும் அன்றைக்கே சொன்னேன். 1676ஐ 45ஆல் வகுத்தால் 37க்குச் சற்று மேல் வரும். அதாவது எங்கள் ரயில் 37இல் ஒரு பங்கு. சென்னை ஐ.சி.எஃப். வடிவமைப்புப் பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர், எங்கள் அளவில் 57 சென்டிமீட்டர். "சார், அப்ப நம்ம உயரம்?" என்று ஒருவன் கேட்டான். அவனையே கணக்குப் போடச் சொன்னேன். நான்கு சென்டிமீட்டர் கூட வரவில்லை. அன்று முழுக்க வகுப்பில் ஒருவரை ஒருவர் விரலால் அளந்துகொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. அதே 45 மில்லிமீட்டரை ஊட்டி ரயிலின் 1000 மில்லிமீட்டர் மீட்டர் பாதைக்கு வைத்தால் 22இல் ஒரு பங்கு. தண்டவாளம் ஒன்றுதான், அதன் மேல் ஓடுவது எது என்பதைப் பொறுத்து உலகம் பெரிதாகிறது, சிறிதாகிறது. விகிதம் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

பாதை, பக்கத்துக்கு 6 மீட்டராக இரண்டு நேர்க்கோடு. இரு முனையிலும் ஒன்றரை மீட்டர் ஆரத்தில் அரைவட்டம். முளையடித்துக் கயிறு கட்டிச் சுண்ணாம்புத் தூளால் வட்டம் போட்டோம். மொத்தம் 21 மீட்டர் 42 சென்டிமீட்டர். திண்டுக்கல்லில் இரும்புச் சாமான் கடையில் 10க்கு 3 மில்லிமீட்டர் அலுமினியப் பட்டை வாங்கினேன். ஆசாரி தந்த துண்டு மரங்களில் ரம்பத்தால் இரண்டு வெட்டு வெட்டி, பட்டையைக் குத்தாக நிறுத்தினால் அதுதான் தண்டவாளம். கீழே கால் இஞ்ச் சல்லி. எல்லாம் சேர்த்துச் சுமார் 3,000 ரூபாய் ஆயிற்று. முதல் மழைக்காலத்தில் பாதிக் கட்டைகளைக் கரையான் தின்றது. இரண்டாவது தடவை வேப்பங்கட்டை போட்டோம்.

மின்சாரத்தைத் தண்டவாளம் வழியாகக் கொடுத்துப் பார்த்தேன், ஓடவில்லை. அலுமினியத்தின் மேல் உடனே படியும் ஆக்சைடு ஏடு மின்சாரத்தை விடாது. எல்.ஜி.பி. காரர்கள் ஏன் பித்தளைத் தண்டவாளம் போட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. பேட்டரியை எஞ்சினுக்குள்ளேயே வைத்துவிட்டோம். மோட்டார், பிள்ளைகள் அறிவியல் செய்முறைக்கு வாங்குகிற மஞ்சள் நிறப் பல்சக்கர மோட்டார். நிமிடத்துக்கு 150 சுற்று. 4 சென்டிமீட்டர் சக்கரம் போட்டால் விநாடிக்கு 31 சென்டிமீட்டர் போகும். 37ஆல் பெருக்கினால் மணிக்கு 41 கிலோமீட்டர் சொச்சம். "பாசஞ்சர் வண்டி சார்" என்றார்கள். பொருத்தமான பெயர்தான்.

சக்கரத்தைக் கடைசல் பட்டறையில் கடைந்து வாங்கினோம். நேர் உருளையாக, ஒரு பக்கம் விளிம்போடு. வளைவில் அது கிறீச்சிட்டது, ஏறி இறங்கியது. ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் டீக்கடைக் காகிதக் கப் வந்தது. இதை நீங்கள் நாளைக்கே வகுப்பில் செய்யலாம், ஒரு பைசா செலவில்லை. இரண்டு கப்புகளை வாயோடு வாய் வைத்து ஒட்டுங்கள். இன்னும் இரண்டை அடியோடு அடி வைத்து ஒட்டுங்கள். இரண்டு நீளமான குச்சிகளைத் தண்டவாளம் மாதிரி இணையாகச் சற்றே சரிவாக வைத்து, மேலிருந்து இரண்டையும் உருட்டிவிடுங்கள். வாயோடு வாய் ஒட்டியது, அதாவது நடுவில் பருத்தது, கோணலாக வைத்தாலும் தானே நேராகிக் கடைசிவரை போகும். நடுவில் மெலிந்தது இரண்டு சாண் போவதற்குள் கீழே விழும்.

காரணம் இதுதான். நடுவில் பருத்த ஜோடி இடப்பக்கம் நகர்ந்தால், இடது குச்சியின் மேல் கப்பின் பருத்த பகுதி வருகிறது. வலது குச்சியின் மேல் மெலிந்த பகுதி. ஒரே சுற்றில் இடப்பக்கம் அதிக தூரம் போகிறது. ஆகவே முகம் வலப்பக்கம் திரும்புகிறது. தானாக நடுவுக்கு வருகிறது. ரயில் சக்கரமும் அப்படித்தான் உட்பக்கம் சற்றுப் பெருத்து 20க்கு 1 என்ற சரிவில் கடையப்பட்டது. சக்கரத்தின் விளிம்புதான் ரயிலைத் தண்டவாளத்தில் பிடித்து வைத்திருக்கிறது என்று நானும் பல வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். விளிம்பு கடைசிக் காவல். முதல் காவல் அந்தச் சரிவு. எங்கள் வளைவு மிகவும் இறுக்கம் என்பதால் 20க்கு 1 போதவில்லை. உப்புத்தாளால் இன்னும் சாய்த்துத் தேய்த்தோம். இப்போதும் உரசுகிறது, கீழே விழுவதில்லை.

வளைவைப் பற்றி இன்னொன்று. வெளித் தண்டவாளம் உள்ளதைவிட நீளம் என்பது தெரிந்ததே. எவ்வளவு நீளம்? ஒரு முழுச் சுற்றுக்கு 28 சென்டிமீட்டர். ஆரத்தை ஒன்றரை மீட்டரிலிருந்து பதினைந்து மீட்டர் ஆக்கினால்? அப்போதும் 28தான். இரண்டு பை பெருக்கல் தண்டவாள இடைவெளி, ஆரம் கழிந்துபோய்விடுகிறது. எட்டாம் வகுப்பு நம்பவில்லை. விளையாட்டு மைதானத்தில் கயிறு கட்டி அளந்த பிறகே நம்பினார்கள்.

சரி, இப்போது என் தவறுக்கு வருகிறேன்.

இவ்வளவையும் ஒரு ஜனவரி மாதத்தில் நான் முடித்தேன். பிள்ளைகள் சல்லி சுமந்தார்கள், கயிறு பிடித்தார்கள், பார்த்தார்கள். நன்றாக வந்துவிட்டது. நன்றாக வந்ததுதான் பிரச்சினை. கெட்டுப்போகுமே என்று பயம் வந்தது. ஒரு அட்டையில் 'தொடாதீர்கள்' என்று எழுதி முருங்கை மரத்தில் கட்டினேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நானே ஓட்டிக் காட்டுவேன். பிள்ளைகள் கை கட்டி நிற்பார்கள். வருகிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது.

மார்ச்சில் ஒரு நாள் அதிகாரி ஒருவர் பள்ளிப் பார்வைக்கு வந்தார். ரயிலைப் பற்றிக் கேள்விப்பட்டு, பார்க்க வேண்டும் என்றார். மணி இரண்டரை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. வண்டியை விட்டேன். நேர்ப்பாதையில், வளைவில்கூட இல்லை, நேர்ப்பாதையில், எஞ்சின் பக்கவாட்டில் சரிந்து கீரைப் பாத்தியில் விழுந்தது. எடுத்து வைத்தேன். மறுபடி அதே இடம். குனிந்து பார்த்தால் தண்டவாளம் பாம்பு போல நெளிந்து கிடக்கிறது. யாரோ பையன்கள் மிதித்திருக்கிறார்கள் என்று நினைத்து, வந்தவருக்கு முன்னாலேயே வகுப்பைப் பார்த்துக் கத்தினேன். "யார் இதை மிதிச்சது?"

யாரும் பேசவில்லை. அவர் பெருந்தன்மையாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்தாள். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் முறை. "சார், யாரும் மிதிக்கல சார். காலையில நேராத்தான் இருக்கும். மத்தியானம் கோணிக்கும். சாயங்காலம் நான் தண்ணி ஊத்துனா திரும்ப நேராயிடும்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரமா சார்."

"ஏம்மா சொல்லல?"

"தொடக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு சார். அதைப் பத்திப் பேசவும் கூடாதோன்னு நெனச்சேன்."

இருபது வருஷமாக வெப்ப விரிவு பாடம் எடுக்கிறேன். தண்டவாளங்களுக்கு இடையே ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்பது நான் வருஷா வருஷம் கேட்கும் இரண்டு மதிப்பெண் கேள்வி. அதே நான், ஒரு குளிர்ந்த காலையில், இடைவெளியே இல்லாமல் இறுக்கிப் பொருத்தியிருக்கிறேன். அதை இரண்டு வாரம் உற்றுப் பார்த்து, காலை, மதியம், மாலை என்று பிரித்து, தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகிறது என்பதுவரை கவனித்தது தேர்வில் அந்தக் கேள்விக்கு விடை எழுதாத ஒரு பிள்ளை.

மறுநாள் வகுப்பில் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கணக்குப் போட்டோம். அலுமினியம் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு, 0.023 மில்லிமீட்டர் நீளும். காலைக்கும் மதிய வெயிலுக்கும் தண்டவாளத்தில் 33 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் 6 மீட்டருக்கு நாலரை மில்லிமீட்டர். "இவ்வளவுதானா சார்? இதுக்கா விழுந்துச்சு?" என்றார்கள். நியாயமான சந்தேகம். பிதாகரஸ் தேற்றத்தைப் போடச் சொன்னேன். இரு முனையும் நகராமல், நடுவில் மட்டும் பக்கவாட்டில் தள்ளினால் எவ்வளவு தள்ளும்? பாதி நீளம் 300 சென்டிமீட்டராக இருந்தது, இப்போது 300.225. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கழித்தால் 135. வர்க்கமூலம் 11.6. நாலரை மில்லிமீட்டர் நீண்டதற்கு, பன்னிரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு ஒதுங்குகிறது! சல்லியும் கட்டையும் பிடித்ததால் எங்களுடையது நான்கு விரற்கடையோடு நின்றது. வகுப்பில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. தேற்றம் ஒன்றைக் கேட்டுப் பிள்ளைகள் வாயடைத்து உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அட்டையை அவிழ்த்துவிட்டேன். தண்டவாளத்தைப் பெயர்த்து, 2 மீட்டர் துண்டுகளாக அறுத்து, மறுபடி போட்டது முழுக்க அவர்கள்தான். மூன்று ஹாக்ஸா பிளேடை அடுக்கி இடுக்கில் வைத்து, அந்தக் கனத்துக்கு இடைவெளி விட்டார்கள். என்னுடையதைவிடக் கோணல், ஆனால் மதியம் இரண்டரைக்கும் ஓடியது.

ஒரு மாணவனின் தாத்தா ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை வரவழைத்தோம். அவர் வந்ததும் பேசவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் படுத்து, கன்னத்தைத் தண்டவாளத்தோடு ஒட்டி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "அந்த மூணாவது கட்டைகிட்ட ஒரு நூல் வெளிய இருக்கு" என்றார். நூல் பிடித்துப் பார்த்தோம். இருந்தது. அதன் பிறகு பிள்ளைகள் எல்லோரும் சட்டை அழுக்காக வீட்டுக்குப் போனதற்கு அவர்தான் பொறுப்பு. தாய்மார்கள் என்னைத்தான் கேட்டார்கள். கோடையில் உச்சி வெயிலில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பதற்கென்று தனி ரோந்து உண்டு என்று அவர் சொன்னபோது, தண்ணீர் ஊற்றுகிற பிள்ளை என்னைப் பார்த்தாள். இப்போது பாதை ஒரே நீளமாக ஒட்டப்பட்டிருக்கிறதே, இடைவெளி எங்கே என்று அவரிடம் கேட்டதும் அவள்தான். மிதமான வெப்பத்தில் பூட்டி, கனமான கான்கிரீட் கட்டைகளும் சல்லியும் நகரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன; சல்லி குறைந்த இடத்தில்தான் ஆபத்து என்றார். எங்கள் சல்லி அன்று சாயங்காலமே இரண்டு கூடை கூடியது.

இரண்டாவது எஞ்சினைப் பிள்ளைகளே செய்தார்கள். அதோடு சண்டையும் வந்தது. ஒற்றைப் பாதை, இரண்டு வண்டி. நேருக்கு நேர் இரண்டு தடவை மோதின. ஒற்றைப் பாதைகளில் முன்பு ஓட்டுநர் கையில் டோக்கன் கொடுத்தனுப்பும் முறை இருந்ததைச் சொன்னேன். எஃகுப் பந்து ஒன்று. அது கையில் இல்லாமல் அடுத்த நிலையத்துக்கு வண்டியை எடுக்கக் கூடாது. ஒரு பிரிவுக்கு ஒரு நேரத்தில் ஒரு பந்துதான் வெளியே வரும். எங்களுக்கு ஒரு டென்னிஸ் பந்து போதுமாயிற்று. மோதல் நின்றது. பந்து வைத்திருப்பவனிடம் பந்தைப் பிடுங்குவது மட்டும் அவ்வப்போது நடக்கிறது.

நிலையங்களுக்குப் பெயர் வைப்பதில் எரியோடு, திண்டுக்கல் இரண்டிலும் தகராறு இல்லை. மூன்றாவதற்கு 'வேடசந்தூர்' என்றாள் ஒருத்தி. அங்கே ரயிலே போகாதே என்றேன். "அதான் சார், நம்மளாவது விடலாம்" என்றாள். விட்டுவிட்டோம். கால அட்டவணை எழுதும்போது 14.35 என்பது மதியமா மாலையா என்று தடுமாறிய பையன்கள் இப்போது வீட்டில் எல்லோருக்கும் இருபத்துநாலு மணிக் கணக்கில் நேரம் சொல்லி எரிச்சல் ஊட்டுகிறார்களாம்.

இன்னொன்று, எனக்கு மிகவும் வேண்டியது. எங்கள் பிள்ளைகளில் சிலர் குறுக்கு வழி என்று தண்டவாளத்தைத் தாண்டி வருகிறவர்கள். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு நாள், இரண்டு கிலோ மணல் ஏற்றிய பெட்டிகளோடு வண்டியை ஓடவிட்டு, மோட்டார் தானாகக் கழன்றுகொள்ளும்படி செய்து, எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று அளந்தோம். வெறும் வண்டியைவிடப் பல சாண் தள்ளிப் போனது. எடை கூடினால் உடனே நிற்காது என்பதை யாரும் எழுதிப் போடவில்லை. அவர்களே முகத்தைச் சுளித்துக்கொண்டு பெரிய ரயிலுக்குக் கணக்குப் போடப் பார்த்தார்கள். வேகமாக வருகிற நிஜ வண்டி பிரேக் போட்டாலும் நூற்றுக்கணக்கான மீட்டர் போன பிறகே நிற்கும் என்றேன். அதற்குப் பிறகு குறுக்கு வழியில் வருகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். முற்றிலும் நின்றுவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

செலவு எவ்வளவு, எந்தக் கடை என்று இடைவேளையில் சிலர் கேட்டீர்கள். தனியாகச் சொல்கிறேன். ரயில் இல்லாமலும் முடியும். நான்கு காகிதக் கப்பும் இரண்டு குச்சியும் போதும் தொடங்குவதற்கு. வானவில் மன்றக் கருத்தாளர் வரும் நாளில் செய்தால் இன்னும் நல்லது, கை கூடுதலாகக் கிடைக்கும்.

எட்டாம் வகுப்பு முடித்துப் போகிறவர்கள், ஆறாம் வகுப்பிலிருந்து வருகிறவர்களிடம் ஒரு பராமரிப்புப் பதிவேட்டை ஒப்படைக்கிறார்கள். அதில் நான் எழுதுவதில்லை. தண்ணீர் ஊற்றிய அந்தப் பிள்ளை இப்போது உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் அவள் எழுதிய கடைசிக் குறிப்பைப் பார்த்துவிட்டுத்தான் இன்று கிளம்பினேன்: "இரண்டாவது வளைவில் வெளித் தண்டவாளம் தாழ்ந்திருக்கிறது. சல்லி போடவும். பக்கத்தில் எறும்புப் புற்று இருக்கிறது. கலைக்க வேண்டாம். பாதையையும் நகர்த்த முடியாது. யோசிக்கவும்."

ஆறாம் வகுப்பு யோசித்துக்கொண்டிருக்கிறது.